பாடசாலை செல்ல மறுத்த பிள்ளைகள்

காலையிலே பிள்ளை எழுந்து வயிறு நோகிறதென்கிறது. தலையிடி என்கிறது. சில வேளைகளிற் சத்தியும் எடுக்கிறது. தாய் நெற்றியிலே கைவைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. பாடசாலை மணி அடித்து ஒரு மணி நேரம் கழிந்தபின் நோவு தானே அகன்றுவிடுகிறது. பிள்ளை கஞ்சியைக் குடித்துவிட்டு முற்றத்திலே விளையாடுகிறது. சனி ஞாயிறுகளில் அந்நோவு தலைகாட்டுவதில்லை. திங்கட்கிழமை விடியும்போது மறுபடியும் வந்துவிடுகிறது. பெற்றோர் முதலில் வைத்தியரை நாடுவர். அவர் உடம்பிற் குற்றமில்லை என்றதும் பிரம்பை எடுப்பர். பிரம்பு முறிந்தபின்னரும் பிள்ளை வாயிற்படியைத் தாண்டாதிருப்பதைக் கண்டு திகைத்து நிற்பர்.

இப்பிள்ளை கள்ளம் பண்ணுகிறதா, அல்லது நோயுற்றிருக்கிறதா? மேனாட்டார் இவ்வினாவை முறையாகக் கேட்கத் தொடங்கியதே 1932 ஆம் ஆண்டளவிலேதான். அதற்கு முன் அறுபது ஆண்டுகளாக அவர்களுடைய சட்டம் இதற்கு ஒரே விடையை வைத்திருந்தது, அது தண்டம்.

கட்டாயம் இல்லாத இடத்தில் மறுப்பு என்னும் பேச்சுக்கு இடமில்லை. பழைய திண்ணைப் பள்ளிகளிலே வராத பையனைச் சட்டாம்பிள்ளையும் மற்றப் பையன்களும் போய்த் தூக்கிவந்ததுண்டு. வந்தபின் கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் உண்டு. ஆயினும் தகப்பன் பிள்ளையை வயலுக்கு அனுப்ப விரும்பினால் அவனைக் கேட்பார் எவருமில்லை. நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் குறித்த வயதிலே குறித்த வாங்கில் இருந்தே தீரவேண்டும் என்று அரசு விதித்த பின்னர்தான், வாங்கு வெறுமையாயிருப்பது ஒரு குற்றமாயிற்று.

இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கு அடிகோலியது 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம். அதைப் பாராளுமன்றத்திற் கொணர்ந்தவர் வில்லியம் போர்ஸ்டர். உள்ளூர்ப் பாடசாலைச் சபைகள் விரும்பினால் 5 வயது முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்கலாம் என்று அச்சட்டம் கூறியது. 1880 இல் மற்றொரு சட்டம் வந்து, விரும்பினால் என்பதை நீக்கிற்று. பத்து வயது வரை எல்லா ஊர்களிலும் வரவு கட்டாயமாயிற்று. 1893 இல் அவ்வயது 11 ஆகவும், 1899 இல் 12 ஆகவும் உயர்ந்தது. பாடசாலைக் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்ததோ 1891 இலே. அதாவது, பிள்ளையை அனுப்பாவிடின் தண்டம், அனுப்பினால் வாராவாரம் கட்டணம் என்ற நிலையில் ஏழைகள் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தனர். தண்டம் வழக்குச் செலவோடு சேர்த்து ஐந்து சிலிங்குக்கு மேற்படலாகாது என்று சட்டம் வரையறுத்தது. ஒரு கூலியாளுக்கு அது இரண்டு மூன்று நாட் கூலி.

இச்சட்டத்தை நடத்துவதற்கு வரவு உத்தியோகத்தர் என ஒரு வகையினர் தோன்றினர். தெருத்தெருவாக நடந்து, கதவைத் தட்டி, வராத பிள்ளை எங்கே என்று கேட்பது அவர்கள் தொழில். இலண்டனின் கிழக்குப் பகுதிகளிலே அவர்களைக் கண்டு கதவடைத்த வீடுகள் பல. உண்மையில் வராத பிள்ளைகளுள் மிகப் பலர் வறுமையால் வராதவர்கள். சப்பாத்து இல்லை என்பது ஒரு காரணம். தாய் வேலைக்குப் போகக் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண்ணை விட்டால் ஆளில்லை என்பது மற்றொன்று. அறுவடைக் காலத்திலே நாட்டுப்புறப் பாடசாலைகள் பாதி வெறுமையாயின. இவர்களன்றி, வீட்டிலிருந்து புறப்பட்டுப் பாடசாலைக்குப் போகாமல் ஆற்றங்கரையிலும் சந்தையிலும் திரிந்த பையன்களும் இருந்தனர். அவர்களுக்கென்று தனிப் பாடசாலைகள் ஏற்பட்டன. இலண்டன் பாடசாலைச் சபை 1878 இல் திறந்த அப்டன் ஹவுஸ் அவற்றுள் ஒன்று. அங்கே பிள்ளைகள் இரவும் பகலும் அடைபட்டிருந்தனர். பாடசாலையை வெறுத்த பிள்ளைக்கு இருபத்து நான்கு மணி நேரப் பாடசாலையே மருந்தென்று அக்காலத்து அறிஞர் எண்ணினர் போலும்.

வரவு இடாப்பின்மேல் ஆசிரியர்களுக்கும் கண் இருந்தது. அதற்குக் காரணம் பணம். 1862 இல் ரொபேட் லோ என்பவர் ஏற்படுத்திய திருத்திய விதிகளின்படி, பிள்ளைகளின் வரவையும் வித்தியாதரிசியின் பரீட்சையில் அவர்கள் பெற்ற பேற்றையும் கணக்கிட்டே பாடசாலைக்கு நன்கொடைப் பணம் கொடுக்கப்பட்டது. பேற்றுக்கேற்ற கொடுப்பனவு எனப்பட்ட அம்முறை இங்கிலாந்திலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவி, இலங்கையிலும் 1870 முதல் மிஷன் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்குவதிற் கையாளப்பட்டது. இடாப்பிலே விழும் ஒவ்வொரு பூச்சியமும் ஆசிரியரின் வேதனத்தைத் தொட்டது. அந்நிலையிலே, வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று நின்று நிதானித்துக் கேட்க எவருக்கு மனம் வரும்?

பிள்ளைகள் தாங்களே காரணத்தை உரத்துச் சொன்ன ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1911 செத்தெம்பரிலே, தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் பெருகியிருந்த அவ்வாண்டில், வேல்சிலுள்ள லனெல்லி என்னும் ஊரிலே ஒரு பாடசாலைப் பையன்கள் வெளியேறித் தெருவிலே ஊர்வலம் போயினர். புதினப் பத்திரிகைகள் செய்தியைப் பரப்ப, சில நாட்களுக்குள் ஹல், லிவர்ப்பூல், மான்செஸ்டர், இலண்டன் உட்பட அறுபதுக்கு மேற்பட்ட நகரங்களிலே பிள்ளைகள் வகுப்பை விட்டு நீங்கினர். பிரம்படி ஒழியவேண்டும், வீட்டுவேலை கூடாது, பாடசாலை நேரம் குறையவேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். பெரியோர் சிரித்தனர், பத்திரிகைகள் படம் போட்டு மகிழ்ந்தன, பெற்றோர் சிலர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விட்டனர். இரண்டு வாரங்களுக்குள் எல்லாம் அடங்கிற்று. அப்பிள்ளைகள் கேட்டவற்றுள் முதலாவது, அதாவது அரசினர் பாடசாலைகளிலே பிரம்பு ஒழிவது, பிரித்தானியாவிற் சட்டமாவதற்கு 1986 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

கூட்டமாக மறுத்த பிள்ளைகளைப் பற்றி இவ்வாறு செய்தியாவது எழுதப்பட்டது. தனியே, சத்தமின்றி, வீட்டு மூலையிலிருந்து மறுத்த பிள்ளை எவர் கண்ணிலும் படவில்லை. சுவிற்சலாந்து உளவைத்தியர் கார்ல் யுங் 1912 இலே நியூயோர்க்கில் உள்ள போர்டாம் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளில், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் வரலாற்றைக் கூறினார். அறிவுள்ள பெண், பாடசாலையிலே திடீரென்று குமட்டலும் தலையிடியும் வந்தன, வீட்டுக்கு அனுப்பினர், பின்னர் பாடசாலைக்குப் போக மறுத்துவிட்டாள். உடல் நோயென்று தொடங்கிய ஆராய்ச்சி, ஆசிரியர்மேல் அவள் மறைவாகக் கொண்டிருந்த அன்பிலும் அதனால் எழுந்த கலக்கத்திலும் போய் முடிந்தது. ஆயினும் யுங் இதை நரம்புத் தளர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே சொன்னாரன்றி, பாடசாலை மறுப்பு என்பதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வாறு எடுத்துக்கொண்டவர் அமெரிக்கரான ஐ. ரி. புறோட்வின். 1932 இலே வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பு, பாடசாலைக் கள்ளம் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு துணை என்பதுதான். ஏழு பக்கம் கொண்ட அச்சிறு கட்டுரையிலே அதுவரை ஒருவரும் எழுதாத ஒரு வேற்றுமையை அவர் எழுதினார். ஆற்றங்கரையிலே திரிகின்ற பையன் எங்கே இருக்கிறான் என்பது அவன் பெற்றோருக்குத் தெரியாது. அவர் கண்ட பிள்ளைகளோ வீட்டிலேயே, தாயின் அருகிலேயே இருந்தார்கள். பிள்ளை எங்கே என்பது பெற்றோருக்கு எப்பொழுதும் தெரியும். மாதக்கணக்காக, சிலர் ஓராண்டு வரை, வராதிருந்தனர். முன்னே ஒழுங்காகப் படித்தவர்கள், குழப்படி செய்யாதவர்கள். வீட்டிலே அமைதியாக இருந்த அவர்களை இழுத்துக்கொண்டுபோய் வகுப்பில் விட்டால் நடுங்கினர். அடி நிச்சயம் என்று அறிந்தும், முதல் வாய்ப்பிலேயே வீட்டுக்கு ஓடிவந்தனர். ஏன் என்று கேட்டால் ஆசிரியருக்குப் பயம் என்பர், அல்லது தெரியாது என்பர். அந்தத் தெரியாது என்ற சொல் பொய்யன்று என்று முதலில் நம்பியவர் புறோட்வின். அவருடைய எண்ணப்படி, தான் இல்லாத நேரத்திலே தாய்க்கு ஏதோ பெருந்தீங்கு நேர்ந்துவிடும் என்ற அச்சமே பிள்ளையை வீட்டுக்கு ஓட்டியது. அவள் உயிரோடிருக்கிறாளா என்று பார்ப்பதற்காகவே அது ஓடிவந்தது.

இக்கருத்து வைத்தியருலகிலே மெல்லப் பரவிற்று. 1941 இலே சிக்காகோ நகரிலே அடிலெய்ட் யோன்சன் என்ற பெண் வைத்தியரும் அவரோடிருந்தவர்களும் எட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து, இந்நிலைக்குப் பாடசாலைப் பேரச்சம் என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்தது பெரிய ஆதாயமே. பெயரில்லாத துன்பத்தைப் பொலிசாரும் நீதவானும் கையாள்வர். பெயர் பெற்ற துன்பத்தை வைத்தியர் கையாள்வார். ஆயினும் ஆதாயத்தோடு ஒரு நட்டமும் வந்தது. பிள்ளையின் கலக்கம், தாயின் கலக்கம், இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியமாட்டாத கட்டு, இம்மூன்றும் சேர்ந்தே பேரச்சத்தை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் முடிவு. கேட்ட பலர் இவற்றிலே நடுவிலுள்ளதை மாத்திரம் பிடித்துக்கொண்டனர். முன்பு பிள்ளை குற்றவாளி. இப்போது தாய் குற்றவாளி. 1950 ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிப்போர், தகப்பன்மார் அக்குடும்பங்களில் வாழ்ந்தனரா என்று ஐயுறக்கூடும். அவ்வளவு அருமையாகவே அவர்களைப் பற்றிய பேச்சு வருகிறது.

அந்நாளைய ஆராய்ச்சிகளுள், யோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோன் ஐசன்பேர்க் 1958 இல் வெளியிட்டது கண்ணாற் கண்டதை எழுதியமையால் இன்றும் படிக்கத் தக்கது. தாயும் சிறு பிள்ளையும் பிரியும் வேளையை அவர் பாலர் பள்ளி வாசலிலே நின்று பார்த்தார். பிள்ளை ஒருவாறு விளையாட்டிலே மனம் வைத்துவிட்டது; ஆனால் தாய் போகவில்லை. அடுத்த அறைக்குப் போனவள் ஏதோ சாக்கைச் சொல்லித் திரும்ப வந்தாள், பயப்படாதே என்றாள், அதைக் கேட்டதும் பிள்ளைக்குப் பயம் வந்தது. அச்சம் தொற்றுநோய் போல ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவுகிறது என்பதே அவர் கண்டது. ஆகையாற் பிள்ளையை நீண்ட நாள் வீட்டில் வைத்திருந்து காரணம் ஆராய்வதைக் காட்டிலும், கூடிய விரைவிலே பாடசாலைக்குத் திருப்பி, வேண்டிய உதவியை அதன்பின் செய்வதே நன்று என்று அவர் வாதித்தார்.

கள்ளம் போடும் பிள்ளையும் அஞ்சும் பிள்ளையும் வேறுவேறு என்று புறோட்வின் சொன்னது சில பிள்ளைகளைப் பார்த்த அளவிலேதான். அதை எண்ணிக்கையோடு நிறுவியவர் இலயனல் ஹேர்சோவ். இலண்டனிலுள்ள மோட்ஸ்லி மனநோய் வைத்தியசாலையிலே, பாடசாலை மறுத்த 50 பிள்ளைகளையும், கள்ளம் போட்ட 50 பிள்ளைகளையும், இவ்விரு வகையிலும் சேராமல் வேறு காரணங்களுக்காக வந்த 50 பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டு, 1960 இலே இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார். கள்ளம் போட்டவர்கள் பெரும்பாலும் பெரிய குடும்பங்களிலே பிறந்தவர்கள். சிறு வயதிலே தாயையோ தகப்பனையோ பிரிந்திருந்தவர்கள். ஒரு நாள் அடியும் ஒரு நாள் அலட்சியமுமாக வளர்ந்தவர்கள். பாடசாலை பல மாறி, படிப்பிலே பின்தங்கியவர்கள். மறுத்தவர்களோ படிப்பிலும் நடத்தையிலும் நல்ல பெயர் எடுத்தவர்கள். தாயைப் பிரிந்தறியாதவர்கள். அடக்கமும் கூச்சமும் உள்ளவர்கள். அவர்கள் குடும்பங்களில் மனக்கலக்க நோய் மிகுந்திருந்தது.

இவ்வேற்றுமையின் பயன் ஆராய்ச்சி ஏட்டோடு நிற்கவில்லை. ஒரே நீதிமன்றிலே ஒரே தண்டம் விதிக்கப்பட்ட இரு பிள்ளைகளுக்கும் வேண்டியவை முற்றும் வேறானவை என்பது இதனால் வெளியாயிற்று. இடாப்பில் இருவருக்கும் விழுவது ஒரே பூச்சியம். மறுப்பு எப்பொழுது தொடங்கிற்று என்றும் ஹேர்சோவ் கவனித்தார். புதுப் பாடசாலைக்கு மாறிய வேளை, நோயினாற் சில நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பவேண்டிய வேளை, தாய் வைத்தியசாலைக்குப் போன அல்லது வீட்டிலே ஒருவர் இறந்த வேளை, இவையே அவர் பெரும்பாலும் கண்டவை. அஃதாவது பிள்ளையின் மனத்திலே நெடுநாள் கிடந்த விறகுக்கு ஏதோ ஒரு சிறு நெருப்பு வேண்டியிருந்தது.

யோன் போல்பி 1973 இலே வெளியிட்ட பிரிவு என்னும் நூலில் இவற்றையெல்லாம் ஒருங்கு சேர்த்து நோக்கினார். பேரச்சம் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. அது பிள்ளை பாடசாலையைக் கண்டு அஞ்சுகிறது என்று எண்ணவைக்கிறது. பெரும்பாலும் அஞ்சுவது வீட்டில் நிகழக்கூடியதற்கே. ஆதலால் பாடசாலை மறுப்பு என்ற வெறும் சொல்லே போதும் என்றார். பிறகு, இத்தகைய குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார். தனிமைக்கு அஞ்சும் தாயோ தகப்பனோ பிள்ளையைத் துணையாக வீட்டிலே நிறுத்திக்கொள்வது ஒன்று. தான் இல்லாதபோது தாய்க்குத் தீங்கு நேருமெனப் பிள்ளை அஞ்சுவது மற்றொன்று. வீட்டை விட்டுப் போனால் தனக்கே தீங்கு வருமென்று பிள்ளை அஞ்சுவதும், பிள்ளைக்குத் தீங்கு வருமென்று தாய் அஞ்சுவதும் ஏனையவை.

இவற்றுள் இரண்டாவதைப் பற்றி அவர் எழுதிய பகுதி கூர்மையானது. முந்திய எழுத்தாளர் பலர், தாய்க்குத் தீங்கு நேரும் என்ற பிள்ளையின் எண்ணத்தை, தாய்மேற் பிள்ளைக்குள்ள மறைவான கோபத்தின் கற்பனை வடிவம் என்று விளக்கினர். போல்பியோ, அந்த வீட்டிலே உண்மையில் என்ன பேசப்பட்டது என்று கேட்டார். கேட்டால், தாய் தகப்பனோடு சண்டையிட்டு நான் செத்துப்போகிறேன் என்றிருப்பாள். நீங்கள் இப்படி நடந்தால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தியிருப்பாள். பாட்டி இறந்து சில கிழமைகளே ஆகியிருக்கும். இவற்றைக் கேட்ட பிள்ளை வகுப்பிலே இருந்து கணக்குச் செய்யுமா, வீட்டுக்குப் போய்த் தாய் இருக்கிறாளா என்று பார்க்குமா? பெற்றோர் இப்பேச்சுக்களை வைத்தியரிடம் தாமாகச் சொல்வதில்லை. ஆகவே வைத்தியர் கற்பனை என்று எழுதினார். செல்லங் கொடுத்துக் கெட்ட பிள்ளை என்று பிறர் சொல்லும் பிள்ளை, உண்மையிலே தாயைத் தாங்கும் பிள்ளையாக இருக்கக்கூடும் என்பதும் போல்பி சொன்னதே. அந்தத் தாயும் தன் இளமையிலே தாங்குவார் இல்லாமல் வளர்ந்தவளாக இருத்தல் பெரும்பான்மை. இவ்வாறு பார்க்கும்போது தாயைக் குற்றஞ்சாட்டவும் நாவெழாது.

காரணம் இவ்வாறு ஆராயப்பட்டுக்கொண்டிருக்க, பரிகாரம் என்ன என்ற கேள்வி காத்திருக்கவில்லை. புளோரிடாவில் வலஸ் கெனடி என்ற உளவியலறிஞர் எட்டு ஆண்டுகளிலே 50 பிள்ளைகளை மூன்றே நாளிற் பாடசாலைக்குத் திருப்பியதாக 1965 இல் எழுதினார். அவர் முறை எளிது. முதலிற் பாடசாலையோடும் பெற்றோரோடும் பேசி ஒரு நாளைக் குறிப்பார். ஞாயிறு மாலையிலே தகப்பன், நாளை நீ பாடசாலைக்குத் திரும்புகிறாய் என்று ஒரு வசனத்திற் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும். திங்கட் காலையில் வயிறு குமட்டாதபடி சிற்றுணவு. எப்படி இருக்கிறது, ஏன் பயம் என்ற கேள்விகள் எவையும் கூடா. தகப்பனே கூட்டிச்செல்ல வேண்டும். மாலையிலே, எவ்வளவு நேரம் இருந்தாலும் அதற்குப் பாராட்டு. புதன்கிழமை பெரும்பாலும் நோவு நீங்கிவிடும். அன்று மாலை பிள்ளைக்கு வீட்டிலே சிறு கொண்டாட்டம்.

கேட்பதற்கு இனிதாக இருக்கும் இம்முறையை எடுத்து எல்லாப் பிள்ளைகள்மேலும் ஏவியவர்கள், கெனடி எழுதியதிற் பாதியைப் படியாதவர்கள். அவர் தேர்ந்தெடுத்தவை முதன்முறை மறுத்த பிள்ளைகளே. வியாழன் வெள்ளியிலே ஒரு சிறு காய்ச்சல் வந்து, திங்களன்று திடீரெனத் தொடங்கிய மறுப்பு; கீழ் வகுப்புப் பிள்ளை; ஒற்றுமையாக வாழும் பெற்றோர். மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கிலே முற்றிய, மேல் வகுப்பிலுள்ள, வீட்டிலே பெருங் குழப்பமுள்ள பிள்ளைகளை அவர் வேறு வகையென்று ஒதுக்கினார். விரைவு நல்லது என்பதற்கு இங்கிலாந்திலும் சான்று கிடைத்தது. நைஜல் பிளாக், வில்லியம் யூல் ஆகிய இருவரும் 1984 இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, பெற்றோரும் ஆசிரியரும் கூடி விரைவிலே திருப்பிய 30 பிள்ளைகளுள் நூற்றுக்கு 93 பேர் தேறினர். வைத்தியசாலையிலே தங்கியவர்களுள் நூற்றுக்கு 37 பேரளவிலே. வீட்டுக்கு ஆசிரியரை அனுப்பிப் படிப்பித்தவர்களுள் நூற்றுக்குப் பத்தே பேர். வீட்டிலே கழியும் ஒவ்வொரு கிழமையும் பாடசாலை வாசலை மேலும் தூரமாக்குகிறது என்பது இதிலிருந்து தெளிவு.

அமெரிக்கராகிய கிறிஸ்தோபர் கேர்னி, வெண்டி சில்வர்மன் ஆகிய இருவரும் 1990 இல், மறுப்பு ஏன் தொடங்கிற்று என்பதை விட்டு, மறுப்பதாற் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டனர். பாடசாலையிலே வரும் கலக்கத்திலிருந்து தப்புதலா, எல்லார் முன்னும் எழுந்து பேசும் அல்லது பரீட்சை எழுதும் துன்பத்திலிருந்து விலகுதலா, வீட்டாரின் கவனமா, வெளியிலே கிடைக்கும் இன்பமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் கொடுத்துத் தேற்றும் தாய், இந்நான்கில் எது நிகழ்கிறது என்று அறியாவிட்டால் நோய்க்கே உணவூட்டக்கூடும்.

இவ்வளவு நீண்ட வரலாற்றிலே ஒரு சாட்சி மாத்திரம் நெடுங்காலம் விசாரிக்கப்படாமல் இருந்தது, அது பாடசாலை. பிள்ளையையும் தாயையும் துருவித் துருவிப் பார்த்தவர்கள், பிள்ளை எந்த வகுப்பிலே, எவர் பக்கத்திலே இருந்தது என்று கேட்கவில்லை. நோர்வேயிலே டான் ஒல்வியஸ் என்பவர் 1970 ஆம் ஆண்டுகளிலே தொடங்கிய ஆராய்ச்சி, சக மாணாக்கரின் தொடர்ந்த கொடுமை சிறு விளையாட்டன்று என்பதைக் காட்டிற்று. 1982 இற் சிறுவர் மூவர் உயிர் மாய்த்துக்கொண்டபின், அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசே அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. இலண்டனிலோ, மைக்கல் றட்டரும் துணைவரும் 12 இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1979 இல் நூலொன்று வெளியிட்டனர். ஒத்த குடும்பங்களிலிருந்து ஒத்த பிள்ளைகளே வந்தும், சில பாடசாலைகளிலே வரவு மிகுந்தும் சிலவற்றிலே குறைந்தும் இருந்தது. வேற்றுமை பாடசாலையின் உள்ளேதான்.

இச்சாட்சியைக் கூண்டிலே ஏற்றிய நாடு யப்பான். அங்கே இப்பிள்ளைகளைப் பற்றிய வைத்தியக் கட்டுரைகள் 1950 ஆம் ஆண்டுகளின் இறுதியிலே தோன்றின. 1970 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து தொகை ஏறத் தொடங்கிற்று. நுழைவுப் பரீட்சைப் போட்டி, கடுமையான விதிகள், சீருடையின் நீளம் முதல் தலைமயிரின் அளவு வரை கட்டளை என இருந்த பாடசாலைகள் அவை. மறுத்த பிள்ளைகள் சோம்பேறிகள் என்றும், உறுதி குன்றியவர்கள் என்றும் பலர் கூறினர். அவர்களைத் திருத்தித் தருவோம் என்று கூறித் தனியார் நிலையங்கள் எழுந்தன. ஐச்சி மாகாணத்திலே பாய்மரக் கப்பல் பயிற்சி என்ற பெயரில் நடந்த நிலையமொன்றிலே, அடியும் கடும் பயிற்சியும் கொண்டு பிள்ளைகளைத் திருத்த முனைந்ததிற் பல பிள்ளைகள் இறந்தனர். 1982 இறுதியில் 13 வயதுச் சிறுவன் இறந்தபின் அடுத்த ஆண்டு நடத்துநர் கைதானார். அதன் பின்னரும் 1991 யூலையிலே, ஹிரோஷிமா மாகாணத்துத் தீவொன்றில் நடந்த வேறொரு நிலையத்திலே, தண்டனையாகச் சரக்குப் பெட்டகத்துள் அடைக்கப்பட்ட சிறுவனும் சிறுமியும் வெப்பத்தால் மாண்டனர். சிறுவனுக்கு 14 வயது, சிறுமிக்கு 16. அவர்களை அங்கே அனுப்பியவர்கள், வேறு வழி தெரியாது தவித்த அவர்களுடைய சொந்தப் பெற்றோர்.

வேறொரு வழியைத் தேடியவர் ஒக்குச்சி கெயிக்கோ என்னும் ஆசிரியை. ஆரம்பப் பாடசாலையிலே 22 ஆண்டுகள் படிப்பித்த அவருடைய மகனே பாடசாலைக்குப் போக மறுத்தான். ஆசிரியையாகிய தாய், முதலிலே மற்றத் தாய்மாரைப் போலவே மகனை அனுப்பிவிடப் பாடுபட்டார். மகன் மெலிந்தான். பிறகு அவனுடைய பேச்சைக் கேட்க முன்வந்த ஒரு வைத்தியரைக் கண்டபின்தான் மகன் தேறினான் என்பதை அவர் பலமுறை எழுதியுள்ளார். பெற்றோர்களைக் கூட்டி 1984 இலே ஒரு சங்கம் அமைத்தார்; 1985 இலே தோக்கியோவில் ஒரு சிறு கட்டிடத்திலே, பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் பகலிலே வந்து கூடுவதற்கு ஓரிடம் திறந்தார். தோக்கியோ ஷூரே என்பது அதன் பெயர். அங்கே என்ன செய்வதென்பதைப் பிள்ளைகளே கூடித் தீர்மானித்தனர். மறுப்பு நோயன்று, திருத்தவேண்டிய குற்றமுமன்று என்பது அவர்கள் கொள்கை. 1988 இலே பெரும் பத்திரிகையொன்று, இப்பிள்ளைகளுக்கு விரைவில் வைத்தியம் செய்யாவிட்டால் முப்பது வயதுக்கு மேலும் மந்தமாகவே கிடப்பர் என்ற உளவைத்தியர் கருத்தை முதற் பக்கத்தில் வெளியிட்டபோது, பெற்றோர் திரண்டு அதை மறுத்தனர்.

கல்வி அமைச்சு மெல்ல அசைந்தது. 1992 இலே அதன் ஆராய்ச்சிக் குழுவொன்று, இந்நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடும் என்று அறிவித்தது. சிறு வாக்கியந்தான், ஆனால் குணக்கேடு, வளர்ப்புக்கேடு என்று இருபது ஆண்டு கேட்டுவந்த தாய்மாருக்கு அதன் பொருள் பெரிது. பாடசாலை மறுப்பு என்ற சொல்லையும் அமைச்சு பின்னர் கைவிட்டு, பாடசாலை செல்லாமை என்ற சொல்லை 1998 முதல் தன் கணக்கிலே வழங்கிற்று. 2016 டிசம்பரிலே நிறைவேறிய சட்டம், பாடசாலைக்கு வெளியே நடைபெறும் கல்வியின் இன்றியமையாமையையும் பிள்ளைக்கு ஓய்வு வேண்டியிருக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. 2019 இல் வந்த சுற்றுநிருபமோ, பாடசாலைக்குத் திரும்புதல் ஒன்றையே குறிக்கோளாகக் கொள்ளலாகாது என்று ஆசிரியர்களுக்கு அறிவித்தது.

பிளாக்கும் யூலும் கண்ட முடிவோடு இது பொருந்துமா? பொருந்தாது என்று சொல்லும் யப்பானியரும் உளர். ஓராண்டிலே 30 நாளுக்கு மேல் இவ்வாறு வராதிருந்த ஆரம்ப, கனிட்ட இடைநிலைப் பாடசாலைப் பிள்ளைகளின் தொகை 2023 ஆம் கல்வியாண்டிலே 346,482 ஆயிற்று. தளர்ந்த விதியே தொகையை ஏற்றியது என்பது அவர்கள் வாதம். பாடசாலை மாறாதிருக்கப் பிள்ளையை மாத்திரம் மாறச் சொன்னதன் விளைவே இது என்பது மறுபக்கத்தார் விடை. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுத் திறந்தபின் தொகை ஏறியது யப்பானில் மாத்திரமன்று. இங்கிலாந்திலே பத்திலொரு பங்குக்குக் குறையாத வகுப்புகளைத் தவறவிட்ட பிள்ளைகள் 2018-19 இலே நூற்றுக்கு 10.9, 2021-22 இலே 22.5. அவர்கள் எல்லாரும் அஞ்சி மறுத்தவர்கள் அல்லர். நோயாளிகளும் அதிலே அடங்குவர். வரவு இடாப்பு இன்றும் அவ்வேற்றுமையைக் காட்டுவதில்லை.

யப்பானியக் கல்வி அமைச்சு இன்னொரு கணக்கும் எடுத்தது. 2006 ஆம் ஆண்டிலே கனிட்ட இடைநிலையின் இறுதி வகுப்பில் இருந்தபோது பாடசாலைக்குப் போகாதிருந்தவர்களை, அவர்களுக்கு இருபது வயதானபோது தேடிச்சென்று விசாரித்தது. அவர்களுள் நூற்றுக்கு 85.1 பேர் உயர்நிலைப் பாடசாலையிலே சேர்ந்திருந்தனர். 1993 ஆம் ஆண்டுப் பிள்ளைகளை முன்னர் விசாரித்தபோது இத்தொகை 65.3 ஆகவே இருந்தது. சேர்ந்து இடையிலே விட்டவர்கள் 37.9 இலிருந்து 14 ஆகக் குறைந்தனர். பல்கலைக்கழகம் முதலிய உயர்கல்வி நிலையங்களிலே கற்றுக்கொண்டிருந்தவர்கள் 8.5 இலிருந்து 22.8 ஆக உயர்ந்தனர். அக்காலத்தை நினைக்கும்போது என்ன தோன்றுகிறது என்றும் அவர்களைக் கேட்டனர். போயிருக்கலாம் என்றார் சிலர். அப்பொழுது வேறு வழியிருக்கவில்லை என்றார் சிலர். போகாதிருந்தது நன்றே என்று சொன்னவர்களும் இருந்தனர்.